டிக்கா, டொக்கா?

திருவனந்தபுரம் வலியசாலையில் அக்ரஹார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் மூன்றாவது வீட்டில் கேட்கும். இப்படிப்பட்ட தெருவில் ஒரு பழைய மாருதி 800 காலை ஆறு மணிக்குக் கண் விழித்து, எஞ்சின் உறுமலோடு 'டிக் டிக் டிக்' என்று தாளமும் போடத் தொடங்கினால் அது வண்டிக்காரரின் சொந்த விவகாரமாக நீடிக்காது. பால் வாங்க வந்தவர் நின்று காது கொடுக்கிறார். கோயிலுக்குப் புறப்பட்டவர் தலையை ஆட்டுகிறார். "எஞ்சின் போச்சு, வித்துடுங்கோ" என்பது ஒரு கட்சி. "எல்லா மாருதியும் அப்படித்தான், கண்டுக்காதேள்" என்பது எதிர்க்கட்சி. வண்டியின் முன்மூடியை யாரும் இன்னும் திறக்கவில்லை என்பதுதான் இரு கட்சிக்கும் பொதுவானது.

இந்தத் தெருக்கள் எதிலும் நிற்கக்கூடிய ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1997 இல் பதிவானது. உரிமையாளர் ஓய்வு பெற்றவர். பென்ஷன் பணத்தில் பெட்ரோல் போடுகிறவர். மாதத்துக்கு நாலு தடவை ஆஸ்பத்திரி, இரண்டு கல்யாணம், எப்போதாவது சுசீந்திரம். இதற்கு அந்தச் சின்ன வண்டி போதும். அவருக்கு மட்டுமல்ல, ஒரு தலைமுறைக்கே அது போதுமானதாக இருந்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 இன் சாவியை இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ற சின்ன எஞ்சின் அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் இந்திய நடுத்தர வர்க்கத்தைச் சுமந்தது. 25 லட்சத்துக்கு மேல் விற்ற பிறகு 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடரின் கதையும் முடிந்தது. ஆக, சாலையில் மிச்சமிருக்கும் இவ்வகை வண்டி ஒவ்வொன்றும் இப்போது மூத்த குடிமகன்தான்.

மூத்த குடிமக்களுக்குச் செலவு அதிகம். கார் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக்கியது. 20 வயது கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதையும் இரட்டிப்பாக்கி 10,000 ரூபாய் என்று அறிவித்தது. நம் 1997 வண்டிக்கு அடுத்த கெடு 2027. வண்டியை வைத்துக்கொள்வதா, பழைய இரும்புக்குத் தள்ளுவதா என்று வீட்டில் ஏற்கனவே பேச்சு நடக்கும் நேரத்தில்தான் இந்த 'டிக் டிக்' வந்து சேர்கிறது. மகன் வெளியூரிலிருந்து தொலைபேசியில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்: "அப்பா, அதுல இனிமே காசு போடாதேங்கோ." ஆக, ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இப்போது ஒரு முதியவர் தன் இஷ்டத்துக்கு வெளியே போய்வர முடியுமா என்ற கேள்வியாகிவிட்டது. இத்தனைக்கும் அந்தச் சத்தத்தின் காரணம் அரை லிட்டர் ஆயிலாக இருக்கலாம். ஒரு திருகாக இருக்கலாம். எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டிய கோளாறாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் பில் வேறு வேறு. அதை முடிவு செய்வது காது.

வழக்கப்படி வண்டி 'ஆசானிடம்' போகிறது. தென் திருவிதாங்கூரில் எழுத்து கற்றுக் கொடுத்தவரும் ஆசான், களரி கற்றுக் கொடுத்தவரும் ஆசான், ஒர்க்‌ஷாப்பில் மூத்த மெக்கானிக்கும் ஆசான். நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து இந்த நகரத்தில் தொழில் நடத்தும் ஆசானாக இருந்தால் பேச்சு இப்படிப் போகும்.

"ஆசானே, ஒரு சத்தம் கேக்கறது."

"டிக்கா, டொக்கா சாமி?"

"டிக்னுதான் தோணறது."

"தணுத்து கெடக்கும்போ கேக்குதா, சூடான பொறவும் கேக்குதா?"

"கார்த்தால ஜாஸ்தி. ஓடினா குறையறது. ஆனா போகமாட்டேங்கறது."

"நிறுத்தி வச்சிருக்கும்போ கேக்குதா, ஓடும்போ மட்டுமா?"

"நின்னாலும் கேக்கறது."

ஆசான் இன்னும் ஸ்பானரைத் தொடவில்லை. ஆனால் பாதி வேலை முடிந்துவிட்டது.

முதல் கேள்வியைக் கவனிக்க வேண்டும். டிக் டிக், டொக் டொக், லொட லொட, கட கட என்று சத்தத்தைப் படம் பிடிக்கும் சொற்களைத் தமிழ் இலக்கணம் இரட்டைக்கிளவி என்று தனியாக வகுத்து வைத்திருக்கிறது. பிரித்தால் பொருள் தராது என்பது அதன் விதி. எஞ்சின் விஷயத்தில் அவை தரும் பொருள் கணிசமானது. 'டிக்' இகரம்: மெலிந்த, கூர்மையான, மேலிருந்து வரும் சத்தம். சிறிய உலோகம் சிறிய உலோகத்தைத் தட்டுகிறது. வால்வுகள், ராக்கர்கள், பெட்ரோல் பம்ப் எல்லாம் இந்தக் குடும்பம். 'டொக்' ஒகரம்: கனத்த, அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம். கிராங்க் ஷாஃப்டைப் பற்றியிருக்கும் பிக் எண்ட் பேரிங் தேய்ந்து, பிஸ்டனின் பலம் முழுவதும் அந்த இடைவெளியில் அறைந்தால் அப்படிக் கேட்கும். டிக் என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு வரலாம். டொக் என்றால் இருக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். ஆயில் விளக்கு எரிந்தாலும் அப்படியே. ஓர் உயிரெழுத்தில் பல ஆயிரம் ரூபாய் அடங்கியிருக்கிறது.

காதை நம்பாதவர்களுக்குக் கணக்கும் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரே சுற்றுதான் சுற்றும். நிமிடத்துக்கு 900 சுற்றில் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் கேம் 450. ஆகவே தளர்ந்துபோன ஒரு டாப்பெட் நொடிக்கு ஏழெட்டு தடவை தட்டும். கிராங்க் பக்கத்துக் கோளாறு பெரும்பாலும் அதைப்போல இரு மடங்கு வேகத்தில் அடிக்கும். யாரும் நொடிக்கு ஏழா பதினைந்தா என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. இக்னிஷன் நேரம் பார்க்கும் டைமிங் லைட்டை ஒரு பிளக் ஒயரில் மாட்டினால் அது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மின்னும். மின்னலும் சத்தமும் கைகோத்து நடந்தால் குற்றவாளி வால்வுப் பக்கம். மின்னலுக்கு நடுவிலும் ஒரு அடி விழுந்தால் பார்வையைக் கீழே திருப்ப வேண்டும்.

டாப்பெட் கவரைத் திறப்பதற்கு முன் ஆசான் செய்யும் காரியங்கள் எளியவை. அதனாலேயே பலர் தாண்டிப் போகிறவை. முதலாவது, டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் பார்ப்பது. அளவு குறைந்தாலோ, மாற்றாமல் விட்டுத் தண்ணீராகிப் போனாலோ எஞ்சினின் மேல்பகுதிக்கு ஆயில் கடைசியாகத்தான் போய்ச் சேரும். பசித்த பகுதி முதலில் சத்தம் போடும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் இரண்டு மூன்று நொடி தட்டிவிட்டு ஓய்ந்தால் அது மேலே ஆயில் ஏறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம். அதற்காக எஞ்சினை இறக்குவது, தாகத்துக்கு ஆபரேஷன் செய்வது மாதிரி.

இரண்டாவது, சைலன்சர் பக்கம். எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட் கிழிந்தால், ஒவ்வொரு தடவை புகை வெளிவரும்போதும் ஒரு சின்ன 'டிஸ்' பீறிடும். தூரத்திலிருந்து கேட்டால் அசல் டாப்பெட் சத்தம். உலோகம் சூடாகி விரிந்ததும் விரிசல் ஓரளவு அடைபட்டுச் சத்தம் குறையும். காலையில் அதிகம், ஓடினால் குறைவு என்று நம் உரிமையாளர் சொன்ன லட்சணம் இதற்கும் பொருந்துகிறது. வித்தியாசம் காண்பது கடினமில்லை. இணைப்பில் கரி படிந்திருக்கும். எஞ்சின் சூடாவதற்கு முன் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். மேட்டில் ஏறும்போது சத்தம் கூடும்.

மூன்றாவது, மின்சாரம். பழைய பிளக் ஒயரின் உறையில் வெடிப்பு விட்டால் மின்பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவும். அதுவும் 'டிக்'தான். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று இரண்டு மழை வாங்கும் ஊரில் காற்றின் ஈரமே இந்தத் தாவலுக்கு ஒத்தாசை செய்யும். மழை நாளில் சத்தம் கூடி வண்டியும் திக்கினால், இருட்டில் முன்மூடியைத் திறந்து பார்க்கலாம். நீல நிறத்தில் ஒரு பொடி மின்னல் தெரியும். கை வைக்கத்தான் கூடாது.

நான்காவது, எஞ்சின் குற்றமே இல்லாதவை. டயரில் சிக்கிய சரளைக்கல் ஓடும்போது மட்டும் தட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் முன்சக்கரத்தில் 'டக் டக்' என்றால் அது ஆக்சில் ஜாயிண்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் ஒழுகியிருக்கும். கார்பரேட்டர் மாருதியில் பெட்ரோல் பம்பையும் கேம்தான் இடிக்கிறது; அதன் மெல்லிய தட்டல் பிறவிக் குணம். அதைக் குணப்படுத்த முயல்கிறவர் நோயில்லாத இடத்தில் மருந்து தேடுகிறார்.

இவை எல்லாம் இல்லை என்றான பிறகுதான் நீளமான ஸ்க்ரூ டிரைவர் வெளியே வருகிறது. நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு ஆசான் கண்ணை மூடிக்கொள்கிறார். ஃபேனும் பெல்ட்டும் ஓடும் இடத்தில் அதை நீட்டக் கூடாது என்று பையனை ஒரு அதட்டல். முதல் சிலிண்டர், இரண்டாவது, மூன்றாவது. ஓரிடத்தில் புருவம் உயர்கிறது.

பார்க்க வித்தைபோல் தெரியும் இதற்கு ஒரு கௌரவமான வம்சாவளி உண்டு. 18 ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்தவர் லியோபோல்ட் அவன்புருகர். பீப்பாயில் மது எந்த அளவு இருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது விடுதிக்காரர்களின் வழக்கம். டாக்டரான மகன் அதே மாதிரி நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்த்தார். நீர் கோத்த இடமும் காற்று நிறைந்த இடமும் வேறு வேறு சத்தம் தந்தன. 1761 இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 1816 இல் பாரிஸில் ரெனே லேனெக் ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. உள்ளே இருப்பதை வெட்டிப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே தேவைதான் பீப்பாயையும் மார்பையும் எஞ்சினையும் இணைக்கிறது. ஸ்டெதஸ்கோப்புக்குக் கிடைத்த மரியாதை ஸ்க்ரூ டிரைவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தத் திருகு. மாருதியின் இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக ஆறு வால்வுகள். ஒவ்வொன்றையும் ராக்கர் என்ற ஒரு சிறிய கை அழுத்தித் திறக்கிறது. ராக்கரின் முனையில் உள்ள திருகுக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும். ஆறிய எஞ்சினில் அது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை வெள்ளைத்தாளின் கனம். சூடான எஞ்சினில் அளந்தால் 0.23 முதல் 0.28. சூட்டில் இடைவெளி ஏன் கூடுகிறது? வால்வு இரும்பு இனம், அதைத் தாங்கும் ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது.

எத்தனையோ தீராத 'டிக் டிக்'குகள் இந்த இரண்டு கணக்கைக் குழப்பிக்கொள்வதில் பிறக்கின்றன. ஆறிய எஞ்சினில் சூட்டுக் கணக்கான 0.25 ஐ வைத்துவிட்டால், வண்டி ஓடிச் சூடானதும் இடைவெளி இன்னும் அகன்று தட்டத் தொடங்கும். டாப்பெட் இப்போதுதானே சரி செய்தோம், அப்படியானால் எஞ்சினுக்குள்தான் கோளாறு என்று அடுத்த முடிவுக்குத் தாவுவது சுலபம். இது செலவு வைக்கும் தப்பு. ஆனால் ஆபத்தான தப்பு இதற்கு நேர் எதிரானது: சூடான எஞ்சினில் ஆறிய கணக்கான 0.15 ஐ வைப்பது. வண்டி ஆறியதும் இடைவெளி ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். சத்தம்? அறவே இருக்காது. உரிமையாளருக்குப் பரம திருப்தி. தெருவே பாராட்டும்.

கோளாறு தொடங்குவது அந்தத் திருப்தியில்தான். எக்ஸாஸ்ட் வால்வு வேலை செய்யும் இடம் ஓர் உலை. அதன் தலை 700 டிகிரி அளவுக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டின் பெரும் பகுதியை அது இறக்கிவைக்கும் இடம் ஒன்றுதான்: மூடிய கணத்தில் தன் விளிம்பு அழுந்தி உட்காரும் வால்வு சீட். இடைவெளி இல்லாவிட்டால், ஓட்டத்தில் நீண்டுவிட்ட வால்வு முழுக்க உட்காராது. மயிரிழைப் பிளவு போதும். நெருப்பு அதன் வழியே ஊதி விளிம்பைத் தின்னத் தொடங்கும். சத்தமே வராது. முதலில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பிறகு நிற்கும்போது ஒரு சிலிண்டர் தடுக்கும். பிறகு மேட்டில் இழுவை குறையும். கடைசியில் ஹெட்டைக் கழற்றினால் வால்வின் ஓரம் எலி கடித்த அப்பளமாக இருக்கும். தட்டிக்கொண்டிருந்த டாப்பெட் பல ஆயிரம் கிலோமீட்டர் தட்டிக்கொண்டேயும் ஓடியிருக்கும். மௌனமான டாப்பெட் எரித்துவிட்டது.

இதில் மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. "சத்தம் சுத்தமா போகணும்" என்று நிற்பவர் வாடிக்கையாளர். சத்தம் போனால்தான் கூலி என்றால், திருகை இன்னும் கால் சுற்று இறுக்குவது யாருக்கும் தோன்றக்கூடிய வழி. பழைய வண்டிகளில் இடைவெளி தானாகவும் சுருங்குகிறது என்பதால் அந்தக் கால் சுற்று இரட்டை அநியாயம். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் அதன் படிவு வால்வு சீட்டுக்கு மெத்தை விரித்திருந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் மட்டுமே விற்பனையாகிறது. மனிதர்களின் மூச்சுக்கு அது தேவையான மாற்றம். ஆனால் இரும்பு ஹெட்டிலேயே சீட் கடைந்திருந்த பழைய அம்பாசடர் போன்ற எஞ்சின்களில் அந்த மெத்தை போனபின் சீட் தேய்கிறது, வால்வு மேலேறுகிறது, இடைவெளி சத்தமில்லாமல் குறைகிறது. எல்.பி.ஜி.யில் ஓடும் பழைய வண்டிகளிலும் இதே தேய்மானம் உண்டு. பழைய வண்டி திடீரென்று சாதுவாகிவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு முறை கேஜ் விட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கேஜ் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளின் கொத்து. விசிறி மாதிரி விரியும். சரியான தகடு இடைவெளியில் லேசான பிடியோடு நுழைந்து வர வேண்டும். 'லேசான பிடி' எவ்வளவு என்பதை எந்தப் புத்தகமும் எழுதிக் காட்ட முடியாது. ஆசான் பையனின் கையைப் பிடித்துத் தகட்டை இழுக்க வைத்துத்தான் அதைச் சொல்லித் தருகிறார். பையன் பத்து தடவை தவறாகச் சொல்லிப் பதினொன்றாவது தடவை சரியாகச் சொல்கிறான்.

அந்தப் பதினொன்றாவது தடவைக்குத்தான் இன்று பஞ்சம். புதிய எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் அழுத்தத்தால் இடைவெளி தானே சரிசெய்துகொள்கிறது, திருகே கிடையாது. கோளாறு என்றால் ஸ்கேனரைச் செருகினால் எண் வந்துவிடுகிறது. ஆனால் ஸ்கேனர் சொல்வது சென்சார்கள் அதற்குச் சொன்னதைத்தான். கிழிந்த கேஸ்கெட்டின் 'டிஸ்', தளர்ந்த ராக்கரின் 'டிக்', டயரில் சிக்கிய கல் ஆகியவற்றுக்குத் தனித்தனி எண் அதில் கிடையாது. 1997 கார்பரேட்டர் வண்டியில் அதைச் செருக இடமே இல்லை. அதனால் கேட்கத் தெரியாத ஒர்க்‌ஷாப்பில் இப்படிப்பட்ட வண்டிக்கு இரண்டே தீர்ப்பு: 'எஞ்சின் பணியணும்' அல்லது 'வித்துடுங்க'. இரண்டிலும் யாராவது காசு பார்க்க முடியும். அரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, 'ஆயில் மாத்தினா போதும்' என்று சொல்கிறவருக்கு ஆயில் மாற்றிய கூலி மட்டுமே கிடைக்கிறது. காது கொடுத்ததற்கு யாரும் பில் போடுவதில்லை. போட்டாலும் யாரும் கொடுப்பதில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்றால் சந்தோஷமாக ஃபீஸ் கொடுக்கிற அதே கை, மெக்கானிக் 'ஒன்றுமில்லை' என்றால் பர்ஸைத் திறக்கத் தயங்குகிறது. உண்மை சொல்வது நஷ்டம் என்றாகிவிட்ட தொழிலில் உண்மையைக் கேட்கும் காது எத்தனை நாள் நிலைக்கும்?

வலியசாலையின் பெயரிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. இந்தப் பெயரிலுள்ள சாலைக்கும் வண்டி ஓடும் சாலைக்கும் சம்பந்தமில்லை. வரலாற்றாளர் பலர் காந்தளூர்ச் சாலையை இங்கே, காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி வைத்துப் பார்க்கிறார்கள். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் இடம் பிடித்த சாலை அது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 9 ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. சாலை என்றால் கற்கும் இடம். அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில் கற்பது என்றால் பெரும்பாலும் கேட்பதுதான். திருக்குறளில் கல்விக்கு 40 ஆம் அதிகாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது போதாதென்று கேள்விக்குத் தனியாக 42 ஆம் அதிகாரமும் இருக்கிறது. கேட்பதைப் படிப்புக்குச் சமமான இன்னொரு படிப்பாக மதித்த மரபு அது. சாலை போய்ப் பல நூற்றாண்டு ஆகிறது. ஆசான் என்ற சொல்லும் கேட்டுக் கற்கும் முறையும் கடைசியாக ஒதுங்கியிருக்கும் இடங்களில் ஒன்று கிரீஸ் படிந்த ஒர்க்‌ஷாப்.

நம் வண்டிக்கு வருவோம். ஆயில் அளவு சரி. சைலன்சர் இணைப்பில் கரி இல்லை. ஒயரில் நீல மின்னல் இல்லை. பிளக் ஒயர்களை இன்சுலேட் செய்த குறட்டால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாயிற்று. எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் சத்தம் அப்படியே. பேரிங் கோளாறாக இருந்தால் பாரம் விலகியதும் சத்தம் குறைந்திருக்கும். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. வண்டியை மாலை வரை ஆறப்போட்டு டாப்பெட் கவரைத் திறக்கிறார்கள். மூன்றாவது சிலிண்டரின் ஒரு ராக்கரில் 0.30 தகடு தாராளமாக நுழைகிறது. லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சரிசெய்து, 0.15 தகடு லேசான பிடியோடு வரும்வரை வைத்து, நட்டை மறுபடி இறுக்கி, இறுக்கியபின் இன்னொரு முறை அளக்கிறார் ஆசான். இறுக்கும்போது திருகு நகர்ந்துவிடும் என்பது அனுபவம். மற்ற ஐந்தையும் அளக்கிறார். ஒன்று இறுக்கமாக இருக்கிறது. சத்தமே போடாமல் இருந்தது அதுதான். அதையும் தளர்த்துகிறார்.

மறுநாள் காலை ஆறு மணி. பால் வாங்க வந்தவரும் கோயிலுக்குப் புறப்பட்டவரும் தங்கள் தீர்ப்போடு தயாராக நிற்க, வண்டி ஸ்டார்ட் ஆகிறது. பழைய தாளம் இல்லை. ஆனால் நன்றாகக் கவனித்தால், தையல் மிஷின் பக்கத்து அறையில் ஓடுகிற மாதிரி மெல்லிய ஒரு சலசலப்பு. உரிமையாளருக்கு மனசு ஆறவில்லை. ஓட்டிக்கொண்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடுகிறார்.

"இன்னும் கொஞ்சம் கேக்கறதே, ஆசானே?"

"கேக்கட்டும் சாமி. கேக்காம ஆச்சுன்னா, அப்பம் கொண்டு வாங்க."